சட்டி ஒன்று, கூலி இரண்டு: வாசகர் கேள்வி பதில்

ஆண் பெண் கூலி வேறுபாடு குறித்து நெல்லை, தென்காசி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் வேலைக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: கட்டட வேலையில் சித்தாளாக இருக்கிறேன். எங்கள் செட்டில் கையாட்கள் மூன்று பேர் ஆண்கள், சித்தாள் நாங்கள் நாலு பேர். செங்கல் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது, கலவை போடுவது, சட்டி சுமப்பது எல்லாம் கலந்துதான் செய்கிறோம். அவர்களுக்கு நாளுக்கு 850 ரூபாய், எங்களுக்கு 600. கேட்டால், "ஆம்பளை சிமெண்ட் மூட்டை தூக்குதான், நீ தூக்குவியா?" என்கிறார் காண்டிராக்டர். அவர் சொல்வது சரியா?
வாசகி, வீரவநல்லூர்

பதில்: சரியில்லை. ஆனால் அது ஏன் சரியில்லை என்பதை நீங்கள் அவரிடமும் அதிகாரியிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. "ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை" என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது. வேலைக்கு வேண்டிய திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். வேலை நடக்கும் சூழலும் ஒத்திருக்க வேண்டும். சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தாலும், அது நடைமுறையில் முக்கியமில்லாத வித்தியாசமாக இருந்தால் கணக்கில் வராது. சிமெண்ட் மூட்டைக்கான விடை இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

ஒரு மூட்டை 50 கிலோ. அதைத் தூக்குவது கடினமான வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை நேரம் தூக்குகிறார்கள்? லாரி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, இறக்கி அடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தின் 48 மணி நேர வேலையில் அது ஒரு மணி. மீதி 47 மணி நேரம் அவர் செய்வதும் நீங்கள் செய்வதும் ஒன்று. அந்த ஒரு மணிக்காக ஆறு நாளும் தலைக்கு 250 ரூபாய் வித்தியாசம் வைப்பதற்கு நியாயம் கிடையாது. காண்டிராக்டருக்கு மூட்டைதான் பிரச்சினை என்றால், மூட்டைக்கு இவ்வளவு என்று இறக்குகூலியைத் தனியாகக் கொடுக்கட்டும். யார் இறக்குகிறார்களோ அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நாள்கூலி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பேச்சுவார்த்தையில் எடுபடக்கூடிய வழி இது.

பெண்கள் செய்து, யாரும் கணக்கில் சேர்க்காத வேலைகளும் இருக்கின்றன. காலையில் முன்னதாக வந்து டிரம்மில் தண்ணீர் நிரப்புவது, நேற்றுக் கட்டிய சுவரை நனைப்பது, சாயங்காலம் சட்டி மம்பட்டி கழுவி வைப்பது, தளம் கூட்டுவது. இவற்றுக்கும் நேரம் ஆகிறது. மூட்டையைக் கணக்கில் எடுத்தால் இதையும் எடுத்தாக வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு நாளும் ஐந்து விவரம் எழுதுங்கள்: தேதி, எந்த இடத்தில் வேலை, தொடங்கிய முடிந்த நேரம், நீங்கள் செய்த வேலையும் கையாள் செய்த வேலையும், இருவரும் வாங்கிய கூலி. காங்கிரீட் போடும் நாளைத் தவறவிடாதீர்கள். அன்றைக்கு ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்க, ஒரே சட்டி கை மாறி மேலே போகிறது. உங்கள் தரப்புக்கு அதைவிட வலுவான சாட்சியம் இல்லை. செல்போனில் இரண்டு படம் எடுத்து வையுங்கள்.

ஒப்பிடும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலருடைய மனு தோற்றுப்போகிறது. சாரம் கட்டத் தெரிந்தவர், கம்பி வளைப்பவர், மட்டம் பார்த்து அரைக்கொத்தனாராக நிற்பவர் ஆகியோருடன் உங்களை ஒப்பிட்டால், "அது வேறு திறமை" என்ற பதில் வரும். அது நியாயமான பதிலும்கூட. நாள் முழுக்கச் சட்டி சுமக்கும் கையாள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து தொகை. ஒரு நாளைக்கு 250 ரூபாய் குறைவு, மாதம் 22 நாள் வேலை என்றால் மாதத்துக்கு 5,500, ஆண்டுக்கு 66,000 ரூபாய். நாலு பேருக்கும் சேர்த்தால் 2,64,000. இந்தக் கணக்கை எழுதிக் காட்டினால் "ஏதோ நூறு ரூபாய்க்குச் சண்டை போடுகிறார்கள்" என்று யாரும் ஒதுக்க முடியாது.

நாலு பேரும் சேர்ந்து கையெழுத்திட்டு முதலில் காண்டிராக்டருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) என்று கேட்டால் சொல்வார்கள். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து, அதாவது கூலியைக் குறைத்துக் கொடுத்த நாளிலிருந்து, மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். இரண்டு வேலையும் ஒன்றுதானா என்பதிலேயே தகராறு வந்தால், அதைத் தீர்மானிக்க அரசு அறிவிக்கும் அதிகாரி உண்டு. குறைத்துக் கொடுத்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. அது உச்சவரம்பு மட்டுமே, எல்லோருக்கும் அவ்வளவு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். கூலியை ஒழுங்காகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. காண்டிராக்டர் கொடுக்கத் தவறினால், வேலை நடக்கும் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பாவார். பெரிய கட்டடம் என்றால் மனுவில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் 18 முதல் 60 வயதுக்குள் செய்துகொள்ளலாம். நீங்கள் கட்டடத் தொழிலாளி என்பதற்கு அந்த அட்டையே ஓர் ஆதாரம்.

கேள்வி: பிசான நெல்லுக்கு நடவு நடுகிறோம். நாற்றுப் பறித்துக் கட்டு சுமக்கும் ஆண்களுக்கு 700 ரூபாய், நடுகிற பெண்களுக்கு 400. அவர்கள் விடிந்ததும் வந்து 11 மணிக்குக் கரையேறிவிடுகிறார்கள், நாங்கள் 8 மணிக்கு இறங்கி 3 மணி வரை குனிந்து நிற்கிறோம். இரண்டும் வேறு வேலை என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே?
வாசகிகள், களக்காடு

பதில்: முதலில் மணிக்கணக்குப் பார்ப்போம். ஆண்கள் 6 மணிக்கு வந்து 11 மணிக்குப் போனால் 5 மணி நேரம். 700 ரூபாயை 5-ஆல் வகுத்தால் மணிக்கு 140. நீங்கள் 8 முதல் 3 வரை 7 மணி நேரம். அரை மணி கஞ்சிக்குப் போனால் ஆறரை. 400-ஐ வகுத்தால் மணிக்கு 62 ரூபாய்க்குக் கீழே. நாள்கூலியைப் பார்க்கும்போது வித்தியாசம் 300 ரூபாய் போலத் தெரிகிறது. மணிக்கூலியைப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது அவர்களுடையதில் பாதிகூட இல்லை. வயல் வேலையில் கூலியை எப்போதும் இப்படி மணிக்குப் பிரித்தே பேசுங்கள்.

நாற்றுப் பறிப்பதும் நடுவதும் ஒத்த தன்மையுள்ள வேலையா என்றால், அது வாதாட வேண்டிய விஷயம். எங்கள் கருத்தில் பறிப்புக்கும் நடவுக்கும் திறமையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. நடவில் வரிசையும் ஆழமும் தப்பினால் தூர் கட்டுவது குறையும், விளைச்சலே போகும். அப்படிப் பார்த்தால் பொறுப்பு உங்கள் பக்கம்தான் கூடுதல். சேற்றில் ஈரக்கட்டைச் சுமந்து வரப்பேறுவது மட்டும் உண்மையில் கூடுதல் உழைப்பு. அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்டால் கொடுப்பதே நியாயம். களை பறிப்பு, அறுப்பு, கட்டுத் தூக்குதல் போன்றவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே வயலில் ஒரே நேரம் நிற்கிறார்கள். அங்கே வேறு வேலை என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

சிலர், "அரசு வைத்த குறைந்தபட்சக் கூலிக்கு மேலேயே கொடுக்கிறேன், பிறகென்ன?" என்பார்கள். குறைந்தபட்சக் கூலி என்பது அதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை மட்டும். விவசாய வேலைக்குத் தமிழ்நாடு அரசு அறிவிக்கும் அந்தத் தொகையில் ஆண் பெண் பேதம் கிடையாது. அதற்கு மேலே கொடுக்கும்போதும் ஒரே வேலைக்கு இரண்டு விலை வைக்கக் கூடாது என்பது வேறு விதி. ஒன்றைக் கடைப்பிடித்தால் மற்றதிலிருந்து விடுதலை கிடைக்காது.

ஊர்ப்பகை இல்லாமல் மாற்ற ஒரு வழி உண்டு. பறிப்பு, சுமப்பு, நடவு மூன்றையும் சேர்த்து ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆணும் பெண்ணும் ஒரே குழுவாக ஒப்பந்தம் பேசுங்கள். வந்த தொகையை வேலை செய்த மணிக்கணக்கில் பங்கிடுங்கள். 20 பேர், மொத்தம் 120 மணி நேரம், ஒப்பந்தம் 10,800 ரூபாய் என்றால் மணிக்கு 90. ஐந்து மணி நின்றவருக்கு 450, ஆறரை மணி நின்றவருக்கு 585. இதில் ஆண்களின் மணிக்கூலி 140-லிருந்து இறங்குகிறது என்பதை மறைக்க வேண்டாம். அதனால் மொத்த ஒப்பந்தத் தொகையை ஏற்றிக் கேட்டால்தான் ஆண்கள் குழுவில் நிலைப்பார்கள். பேசும்போது ஆண்களையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். யார் எப்போது இறங்கினார், எப்போது ஏறினார் என்று குறிக்க ஒருவர் வேண்டும். பங்கில் சண்டை வருவது பெரும்பாலும் அந்தக் குறிப்பு இல்லாததால்தான்.

கேள்வி: பீடி சுற்றுவதில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரேட்டுதான். அப்படியிருக்க எங்கள் தெருப் பெண்கள் கையில் மட்டும் ஏன் காசு தங்குவதில்லை?
வாசகி, முக்கூடல்

பதில்: ரேட்டு ஒன்றுதான். குறைவது ரேட்டுக்குப் பிறகு. கடையில் எடை குறைவாக இலை கொடுத்தால், ஆயிரத்தை முடிக்க நீங்கள் காசு கொடுத்து இலை வாங்குகிறீர்கள். சரியில்லை என்று கழித்துப் போடும் பீடிக்குக் கூலி இல்லை. ஆனால் அந்தப் பீடி உங்களிடம் திரும்பியும் வருவதில்லை. இரண்டையும் மாதக் கணக்காக எழுதுங்கள்: வாங்கிய இலை, தூள் எடை, கடையில் கொடுத்த எண்ணிக்கை, கழித்த எண்ணிக்கை, வெளியில் இலை வாங்கிய செலவு. கையில் வந்த பணத்தை நீங்கள் உண்மையில் சுற்றிய ஆயிரங்களால் வகுத்தால் உங்கள் உண்மையான ரேட்டு வரும். அறிவித்த ரேட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் கோரிக்கை.

இதைவிடப் பெரிய நஷ்டம், கொடுத்த இலையையும் வாங்கிய பீடியையும் கடையில் குறித்துத் தரும் பாஸ் புக்கில் இருக்கிறது. மாமியார் பெயரில், அடுத்த வீட்டு அக்கா பெயரில் உள்ள புத்தகத்தில் பல ஆண்டுகள் சுற்றும் பெண்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். அந்த உழைப்பு வேறொருவர் கணக்கில் ஏறுகிறது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ தீர்ப்பளித்துவிட்டது. அதன் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும், முழு ஓய்வூதியம் 58 வயதில். உங்கள் பெயரில் 10 ஆண்டு சேராவிட்டால், 25 ஆண்டு சுற்றியிருந்தாலும் மாத ஓய்வூதியம் வராது. இந்த மாதமே உங்கள் பெயரில் புத்தகம் கேளுங்கள். கிடைத்ததும் ஆதார், வங்கிக் கணக்கு, பிறந்த தேதி மூன்றும் வைப்பு நிதிக் கணக்கோடு பொருந்துகிறதா என்று மத்திய அரசின் உமங் செயலியில் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் பணம் எடுக்க அலைய வேண்டியிருக்கும்.

இதில் சம ஊதியச் சட்டம் எட்டாத ஓர் இடமும் உண்டு. சுற்றுவது ஏறக்குறைய முழுக்கப் பெண்கள் வேலையாகிவிட்டது. ஒப்பிட்டுக் காட்ட அதே வேலையில் ஆண் இல்லாதபோது, ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற விதி உதவாது. பெண்கள் மட்டுமே செய்வதால் மலிவாகிப்போன வேலை இது. இங்கே போராட வேண்டியது ஆயிரத்துக்கான கூலியை உயர்த்தி அறிவிக்கச் சொல்லித்தான், அது சங்கம் வழியாகவே நடக்கும்.

கேள்வி: குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஆணுக்குத்தானே? கொஞ்சம் கூட வாங்கினால் என்ன தப்பு?
வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கல்யாணமாகாத இளைஞருக்கும் நாலு பிள்ளை பெற்றவருக்கும் ஒரே கூலிதானே கொடுக்கிறார்கள்? குடும்பப் பொறுப்புக்காகத்தான் கூலி என்றால் அவர்களுக்குள் வித்தியாசம் இருக்க வேண்டுமே. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு எல்லோரையும்விடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமே. அப்படி யாரும் கொடுப்பதில்லை. கூலி வேலைக்குத்தான்.

கேள்வி: கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரே மெஷினில் ஷிப்டு மாற்றி நிற்கிறோம். ஆண்களுக்கு 'ஆபரேட்டர்' என்று பெயர், எங்களுக்கு 'ஹெல்பர்'. சம்பளத்தில் மாதம் 3,000 வித்தியாசம். எச்.ஆர்.-இல் கேட்டால், "பதவியே வேறு" என்கிறார்கள். சங்கமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.
வாசகி, தாழையூத்து

பதில்: பதவிப் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை, கை செய்யும் வேலையைப் பார்க்கிறது. இதே சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மெக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் நிறுவனத்தில் ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஸ்டெனோகிராபர் தொடுத்த வழக்கு அது. பெண் ஸ்டெனோகிராபர்களுக்குத் தனிப் பெயர் வைத்துச் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். வேறு பிரிவு என்றும், தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் உண்டு என்றும், கொடுக்க நிதி வசதி இல்லை என்றும் நிறுவனம் சொன்னது. 1987-ல் வந்த தீர்ப்பு மூன்றையும் ஏற்கவில்லை. உங்களிடம் சொல்லப்படும் பதில் இரண்டுக்கும் அதில் மறுமொழி இருக்கிறது.

நீங்கள் சேர்க்க வேண்டியவை: மெஷின் லாக் ஷீட்டில் (மெஷினை யார் எப்போது ஓட்டினார் என்று எழுதும் தாள்) உங்கள் கையெழுத்துள்ள பக்கம், ஷிப்டுப் பட்டியல், இரு தரப்புக்கும் உள்ள உற்பத்தி இலக்கு, பயிற்சிப் பதிவேடு, சம்பளச் சீட்டு. சம்பளச் சீட்டு கொடுப்பது நிறுவனத்தின் கடமை. லாக் ஷீட்டைக் கம்பெனியிலிருந்து வெளியே எடுத்து வராதீர்கள், அதையே குற்றமாக்கி நடவடிக்கை எடுப்பார்கள். தேதி, மெஷின் எண், ஷிப்டு மூன்றையும் குறித்துக்கொண்டு, அந்தப் பதிவேட்டை வரவழைக்கும்படி மனுவில் கேளுங்கள். மெஷின் பழுதானால் யார் சரிசெய்கிறார்கள், செட்டிங் யார் மாற்றுகிறார்கள் என்றும் கவனியுங்கள். அதை ஆண்கள் மட்டுமே செய்தால் நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அந்தப் பயிற்சியைத் தரச் சொல்லி இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கேள்வி: அரிசி ஆலை வைத்திருக்கிறேன். பேக்கிங் பிரிவில் ஆண்கள் 4, பெண்கள் 6. எடை போடுவது, நிரப்புவது, தைப்பது எல்லாம் ஒன்றுதான். ஆண்களுக்கு 14,500, பெண்களுக்கு 12,000 என்று அப்பா காலத்திலிருந்து வருகிறது. சரிசெய்ய விரும்புகிறேன். ஆண்கள் சம்பளத்தைக் கொஞ்சம் இறக்கி, பெண்களுக்குக் கொஞ்சம் ஏற்றிச் சமன் செய்யலாமா?
வாசகர், பேட்டை

பதில்: நீங்களாகக் கேட்டதற்கு நன்றி. சமன் செய்வதற்காக யாருடைய ஊதியத்தையும் குறைக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஏற்றத்தான் வேண்டும். செலவு இவ்வளவுதான்: 2,500 ரூபாய் வீதம் ஆறு பேருக்கு மாதம் 15,000. பத்துப் பேர் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்பதால் அதில் 487 ரூபாய் 50 காசு கூடும். ஆண்டுக்கு ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தவணை தவணையாக ஏற்றுவதற்குச் சட்டத்தில் வழி இல்லை, ஒரே மாதத்தில் செய்துவிடுங்கள்.

செய்யும் முறை: பேக்கிங் பிரிவின் ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் எழுதுங்கள். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு என்று நாலு தலைப்பில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். யார் செய்கிறார்கள் என்ற பெயரைத் தாளில் எழுத வேண்டாம். நீங்கள் ஒருமுறை போடுங்கள், உங்கள் கணக்கர் ஒருமுறை போடட்டும். இரண்டும் ஒத்துவராத இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பெயர் தெரிந்து போட்டால் "பளுவான" வேலைக்கு மதிப்பெண் தானாகக் கூடுவதும், நாள் முழுக்க நின்று செய்யும் நுணுக்க வேலைக்குக் குறைவதும் வழக்கம்.

நியாயமான வித்தியாசங்களை வைத்துக்கொள்ளலாம். பணிமூப்புக்கு ஆண்டுக்கு 300 ரூபாய் என்றால் அது எல்லோருக்கும் பொது. பிரசவத்துக்குப் போய் வந்த பெண்ணின் பழைய சேவையை அழித்துப் புதிதாகத் தொடங்கக் கூடாது. "ஆண்கள் ராத்திரி நிற்கிறார்கள்" என்பதற்காக அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டாதீர்கள். நின்ற இரவுக்கு இரவுப்படி, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்று தனித்தனியாகக் காட்டுங்கள். லாரி ஏற்றும் சுமட்டுக்காரர்களை மூட்டைக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கில் வையுங்கள், பேக்கிங்கோடு கலக்காதீர்கள். பதிவேடும் சம்பளச் சீட்டும் ஒத்துப்போக வேண்டும். குறைத்துக் கொடுப்பதற்கு அபராதம் 50,000 ரூபாய் வரை. ஐந்தாண்டுக்குள் மறுபடியும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: 100 நாள் வேலையில் எப்படி?
வாசகி, மானூர்

பதில்: ஒரே விகிதம். 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நாளுக்கு 336 ரூபாய், ஆணானாலும் பெண்ணானாலும். குழுவாக வெட்டிய மண்ணை அளக்கும்போது அளவு குறைந்தால் எல்லோருக்கும் சேர்த்துக் குறையும். அளக்கும்போது குழுவிலிருந்து இருவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: பிரசவ விடுப்பு முடிந்து வந்தேன். என்னோடு சேர்ந்த ஆண்களுக்கு ஆண்டு உயர்வு கிடைத்துவிட்டது, எனக்கு இல்லை. "நீ வேலையே செய்யவில்லையே" என்கிறார்கள்.
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உரிமை. அந்த விடுப்பில் இருக்கும்போது பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. உயர்வு எந்தத் தேதியில் எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவான உயர்வு என்றால் உங்களுக்கும் வர வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை பிந்தினால் அடுத்த ஆண்டு உயர்வு, வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாமே அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை. பக்கத்துக் கவுண்டர் பையனுக்கு என்னைவிட 2,000 கூட. கேட்டால் நாளைக்கே வேலை போய்விடும். என்ன செய்ய?
வாசகி, வள்ளியூர்

பதில்: பயம் நியாயமானது. அதனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள்: முதலில் ஆதாரம், பிறகு ஆட்கள், கடைசியில்தான் கேள்வி.

ஆதாரம் என்றால் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம் அல்லது கூகுள் பே பதிவு, கடைப் பெயர் உள்ள அடையாள அட்டை, வருகைப் பதிவின் படம், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். பணமாகக் கையில் கொடுத்தால் அன்றைக்கே தேதியோடு நோட்டில் எழுதி, உடன் வாங்கிய இன்னொரு பெண்ணிடம் கையெழுத்து வாங்குங்கள். பையனின் சம்பளம் அவர் வாயால் சொன்னதாக மட்டும் இருந்தால் போதாது. அவர் சாட்சி சொல்லத் தயங்குவார். அவரை வற்புறுத்த வேண்டாம். கடையின் ஊதியப் பதிவேட்டை அதிகாரி வரவழைத்துப் பார்க்க முடியும், அதைக் கேட்டால் போதும்.

தனியாகக் கேட்பவரை வெளியே அனுப்புவது எளிது. ஆறு பேரை ஒரே நாளில் அனுப்பினால் கவுண்டர் ஓடாது. மனுவை நீங்களே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்கள் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் கொடுக்கலாம், தொழிலாளர் துறை ஆய்வாளரும் கொடுக்கலாம். ஆய்வாளரிடம் போய், பொதுவான ஆய்வாக வந்து பதிவேட்டைப் பார்க்கும்படி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். அந்த மனு எப்படியும் தொழிலாளர் துறைக்குத்தான் அனுப்பப்படும், ஆனால் அங்கே கிடைக்கும் மனு எண் பின்னால் தொடர்ந்து கேட்க உதவும்.

வேலையைவிட்டு நீக்கிவிட்டால், நிலுவைச் சம்பளம் முழுவதையும் இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்தது என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், போடாதீர்கள். வாங்கிய தொகைக்கு மட்டும் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்திடுங்கள். நீக்கியதை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தனி மனு கொடுக்க வேண்டும். சம்பள வித்தியாச மனுவோடு அதைச் சேர்த்து எழுதினால் இரண்டும் இழுத்துக்கொண்டு போகும்.

எந்த மனுவானாலும் இரண்டு படி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை அந்தப் படியோடு ஒட்டி வையுங்கள்; பழைய பதிவுத்தபால் 2025-இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது.